அண்ணனின் சிநேகிதி கேட்ட கேள்விகள்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும், அதனால்தான்.

கொஞ்ச நாளாக உன் அண்ணன் போக்கு சரியில்லை. எப்போதாவது எட்டிப் பார்க்கிறவன் இப்போது வாரம் தவறாமல் வருகிறான், ஆரஞ்சு வாங்கி வந்து உரித்தும் கொடுக்கிறான். ஆயுசெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான், டிக்கெட் எடுக்காதவன்தான் என்னைப் பார்த்ததும் முதலில் சிரிப்பான். உன் அண்ணன் அப்படித்தான் சிரிக்கிறான். சமையலறையில் அவனும் அம்மாவும் குசுகுசுவென்று பேசுகிறார்கள், நான் போனால் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். வாசல் சாவி ஆணியில் இல்லை, அம்மாவின் கைப்பைக்குள் போய்விட்டது. அவளுக்குப் படி ஏற முடியவில்லை அல்லவா, அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு என்னைத் தன் வீட்டுப் பின்னறையில் போடப் பார்க்கிறான் என்று முடிவுகட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை, சிநேகிதி என்று சொல்லி ஒரு அம்மாளை அழைத்து வந்தான். அவர் டீ குடித்துக்கொண்டே இன்று என்ன கிழமை என்றார், பூட்டு, நாற்காலி, ஆறு என்று மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார், பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். சிநேகிதி யாராவது கடிகாரம் வரையச் சொல்வாளா? அம்மாவைத்தான் ஆழம் பார்க்கிறார் என்று புரிந்துகொண்டு, அவள் வாயைத் திறக்குமுன் எல்லாவற்றுக்கும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன், காகிதத்தை வாங்கி நானே வரைந்தேன். அவர்கள் போனதும் அம்மாவிடம், பயப்படாதே, உன்னை யாரும் எங்கேயும் கொண்டுபோக விடமாட்டேன் என்றேன். அம்மா டீக் கோப்பைகளை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவங்க என்னைப் பார்க்க வரலைங்க. உங்களைப் பார்க்கத்தான் வந்தாங்க. நான்தான் பெரியவன்கிட்ட சொல்லி வரவச்சேன்.”

மூன்று வார்த்தையில் பூட்டு மட்டும்தான் சொன்னேனாம், மற்ற இரண்டையும் அம்மாவைக் கேட்டுத்தான் மேலே எழுதினேன். கடிகாரத்தில் எண்களையெல்லாம் ஒரே பக்கம் அடைத்துவிட்டேனாம். முடி வெட்டப் போனவன் பஸ் ஏறிப் பழைய டிப்போவுக்குப் போய் நின்றேனாம், காவலாளி போன் செய்துதான் அண்ணன் வந்து கூட்டிவந்தானாம். எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இப்போதும் பாதிதான் நம்புகிறேன். அண்ணனைக் கேட்டேன், சொல்லப் பயமாக இருந்தது என்று தலையைக் குனிந்துகொண்டான். உனக்கும் தெரியுமா? சமீபமாக, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று போனில் துருவித் துருவிக் கேட்கிறாயே, மறைக்காமல் எழுது.

சனிக்கிழமை அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டர் எதுவானாலும் என் எதிரிலேயே சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன். புத்தி நேராக இருக்கும்வரை என்னைக் கேளுங்கள். அதன்பிறகு வீட்டுக்கு ஆள் வைப்பதோ, என்னை வேறு எங்காவது சேர்ப்பதோ, அம்மா சொல்வதுதான் முடிவு. அவள் களைத்துப்போனால் அவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இந்த மறதி வியாதிக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மேல்தான் முதலில் சந்தேகம் வருமாம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனாராம். ஒருநாள் நான் உனக்குப் போன் செய்து, உன் அம்மா என்னை ஏமாற்றுகிறாள், அடைத்து வைக்கிறாள் என்று சொல்லலாம். தடுமாறாமல், உன் அப்பா குரலிலேயே சொல்வேன். அன்றைக்கு என்னை நம்பாதே மகளே. அவளை நம்பு.

குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பதிலை என் பெயருக்கே எழுது. இதைத் தபால் பெட்டியில் போட நானே கிளம்புகிறேன், காற்று வாங்க நானும் வருகிறேன் என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். காற்று வாங்க என்பதை நான் நம்பவில்லை. இருந்தாலும் கூட்டிப்போகிறேன்.

என்றும் உன்
அப்பா