கண் ஓடும்போது அசைந்த கை

அன்புள்ள துணைவிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தணிந்ததா?

நடுக்குவாதக்காரர்கள் உறங்கும்போது கண்ணசைவையும் கைகால் அசைவையும் பதிவுசெய்து ஆராய்வதே என் பணி என்பதை நீ அறிவாய். கனவில் கண்கள் ஓடும்போது கைகால்கள் அடங்கியிருக்க வேண்டும். அப்போது கை வீசுபவர்களுக்குப் பின்னாளில் நடுக்கம் வரலாம். ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர்களும் தேவைப்பட்டதால் நானும் ஓர் இரவு கருவிகளோடு உறங்கிப் பதிவு கொடுத்தேன். பிறகு, பெயர் மறைக்கப்பட்ட பதிவுகளைப் பிரிக்கையில், கை வீசிய ஒருவரை நோயாளிகள் வரிசையில் சேர்த்தேன். மறைத்த பெயரைத் திறந்தால் என் பெயர்.

எங்கள் ஆய்வை நடத்தும் மருத்துவர் சிரித்தார்: "நீங்க குறிச்சா தப்பாவே இருக்காதே, சார்."

கவலைப்படாதே. கட்டிலருகே உள்ள கண்ணாடி விளக்கை அகற்றிவிடு. அடுத்த விடுமுறைக்கு வரும்போது எனக்குத் தனிப் படுக்கை போடு. பணிக்கு நேரமாகிவிட்டது, ஒன்று மட்டும். சென்ற விடுமுறையில் உன் கன்னம் கன்றியிருந்ததற்குக் கதவு இடித்தது என்றாயே, இடித்தது கதவுதானா என்று மறைக்காமல் எழுது.

உன் கணவன்