முள் ஒன்றில் நின்றது

சென்னை,
14-7-1964

அன்புள்ள அப்பாவுக்கு, செங்கமலத்தின் வணக்கம். நான் நலம். இலுப்பூரில் நீங்களும் அம்மாவும் சுகந்தானே? லாரி ஓட்டுவதால் வரும் முதுகுவலி குறைந்ததா?

ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பட்டறைக்கு ஓர் அமெரிக்கக் கார் வந்திருக்கிறது. அதில் என்ஜின் வெளிவிடும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ என்ற விசிறி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் பத்து பவுண்டைத் தாண்டாமல் ஒரு வால்வு திறந்து காக்க வேண்டும். நாங்கள் பொருத்திய ஜெர்மன் மீட்டரோ கிலோக் கணக்கில் 1.7 காட்டியது. அதாவது இருபத்துநாலு பவுண்டு.

"வால்வு தெறக்கல. அதை அமுக்கிப் புடிச்சிருக்க ஸ்பிரிங்கை நறுக்கிருவோம்" என்றார் ஃபோர்மன் ஷேக் பரீது, நம் கட்டுமாவடிக்காரர். நறுக்கிவிட்டால் வேறு ஸ்பிரிங் இந்தியாவிலேயே கிடைக்காது. என்ஜின் ஓடாதபோதும் மீட்டர் முள் சைபருக்குப் போகாமல் ஒன்றில் நிற்பதை நான் காலையிலேயே பார்த்திருந்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. அவர் கட்டிங் பிளேயரை எடுத்ததும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த ஒண்ணு நம்மளச் சுத்தியிருக்க காத்து. அதைக் கழிச்சா பத்து பவுண்டுதான் வரும்."

நீங்கள் டயருக்குப் பார்க்கும் மீட்டர் வெளிக்காற்றைச் சேர்க்காது, இது சேர்க்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"இத்தனை மாசமா ஊமைன்னுல்ல நெனச்சேன்" என்று பிளேயரைக் கீழே வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

அம்மாவிடம் பருப்புப்பொடி கேட்டு அனுப்புங்கள். கொஞ்சம் போதும், தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பதிலை இந்தத் தடவையாவது நீங்களே எழுதுங்கள்.

காரை ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். மீட்டரைப் பார்க்க என்னை முன்சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். ஹாரன் அடிக்கிறார்கள், வருகிறேன்.

உங்கள் மகள்,
செங்கமலம்