அந்த அம்மா எங்கே படுத்துக்கொண்டார்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. எழுதுவது என்றால், நான் சொல்கிறேன், உன் தங்கை எழுதுகிறாள், என் மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்து கடையில் கிடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இங்கே எங்களுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டாய், அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்காருகிறேன். நான் பேசுவதையெல்லாம் சின்னவள் நல்ல தமிழாக்கி எழுதுகிறாள், நீ சொல்ற மாதிரியே எழுதினா மார்க் குறைஞ்சிடும்மா என்கிறாள், இதுக்கு யாருடி மார்க் போடப் போறாங்க என்றால், அக்கா போடுவா என்கிறாள். போனில் சொல்லாமல் கடிதமாக எழுதச் சொன்னதற்குக் காரணம், போனில் நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அப்பா அறையை நான் வர்ற வரைக்கும் அப்படியே வைங்க, யாரும் எதையும் தொடாதீங்க என்று சொன்னாய் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ அதைச் சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது. அப்பாவின் காரியத்துக்கு வர லீவும் விசாவும் சேர்ந்து கிடைக்காமல், அவரைப் போன் திரையிலேயே வழியனுப்பியவள் நீ. அதனால் நான் மாற்றுத் துணி நாலைந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அப்பாவின் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே இருந்தது, தலையணையில் பள்ளம் இருந்தது, பஸ் ஓட்டும்போது கழுத்தில் போடுகிற துண்டு நாற்காலி மேல் இருந்தது. அன்றிலிருந்து கூடத்தில் பாய் போட்டு, சாப்பாட்டு மேசைக்கும் டிவிக்கும் நடுவில் படுத்தேன். உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அப்பா முதல் டிரிப்புக்கு எழுந்திருக்க வைத்திருந்த அலாரம் நிற்கவில்லை. ஒவ்வொரு விடியற்காலையும் சாத்தின அறைக்குள் அது அடிக்கும், தானாக ஓயும்வரை அடிக்கும். முதல் நாள் சின்னவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கைவைத்தாள், அப்புறம் அக்கா தொட வேண்டாம்னு சொன்னாளே என்று திரும்பி வந்து தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்தாள். நான் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். போகப் போக அதன் குரல் சளி பிடித்தவன் குரல் மாதிரி கம்மியது, ஒரு நாள் அடிக்கவே இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது. அன்றைக்காவது எனக்கு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, எழுந்து பால் காய்ச்சினேன்.

போன வாரம் பழைய வீடுகளை ஜனங்கள் பார்ப்பதற்குத் திறந்துவைக்கிற வாரம். மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் வீடுகளுக்கெல்லாம் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருவார்கள். நான் வேலை செய்கிற டாக்டர் வீடு வருஷம் முழுக்கக் காட்சிக்குத் திறந்திருப்பதுதான், நீ அதைப் பார்த்ததில்லை. அங்கே ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஆள் காவல், காவலுக்கு நிற்கிற அறைதான் எங்களுக்குப் பெயர். வாசல், மாடிப்படி, சமையலறை. நான் படுக்கையறை. எங்கள் மேற்பார்வையாளர் கீழே நின்றுகொண்டு, படுக்கையறை சாப்பிட்டாச்சா, படுக்கையறை சாப்பிட்டாச்சா என்று கத்துவார், வந்தவர்கள் சுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். மாடிப்படியில் நிற்பவள் வாயாடி, ஏன் சார், படுக்கையறைக்கு மட்டும் வேளாவேளைக்குச் சோறு, மாடிப்படி என்ன மரத்துலயா செஞ்சிருக்கு என்பாள். அந்த வாரம் ஆள் போதவில்லை என்று சின்னவளையும் வாசலில் நிறுத்தி, வருகிறவர்கள் செருப்புக்கு மேல் துணி உறை மாட்டுகிறார்களா என்று பார்க்கச் சொன்னார்கள். இவள் அதோடு விட்டாளா, அந்த வீட்டைப் பற்றிய புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு, ஜன்னலைக் காட்டி யாராவது தப்பாகச் சொன்னால் வாசலிலிருந்தே திருத்தினாள்.

என் அறைதான் அந்த வீட்டில் எல்லோரும் பார்க்க வருகிற அறை. டாக்டர் ஒரு மத்தியானம் அந்தக் கட்டிலில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய மனைவி அந்த அறையில் ஒரு துரும்பைக்கூட அசைக்க விடவில்லை. கண்ணாடி மடக்காமல் கிடக்கிறது, படித்துக்கொண்டிருந்த புத்தகம் கவிழ்ந்து கிடக்கிறது, ஒரு செருப்பு நேராகவும் மற்றது சாய்ந்தும் கிடக்கின்றன. கதவுக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு, உள்ளே கால் வைக்கக் கூடாது. நான் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, அவர் விட்டுப்போனது விட்டுப்போனபடியே இருக்கிறது, அந்த அம்மா கடைசி வரைக்கும் இந்த அறையை இப்படியே காத்தார் என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க அதையேதான் சொல்வேன். அப்பா போவதற்கு முன்னாலும் சொன்னேன், போன பிறகும் சொன்னேன், குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. சிலர் உச்சுக்கொட்டுவார்கள், என்ன பாசம் பாருங்க என்பார்கள், நானும் தலையாட்டுவேன்.

கடைசி நாள் கையில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா வந்தார். பார்க்க வந்தவர் மாதிரித் தெரியவில்லை, வெயிலுக்கு ஒதுங்கி வந்தவர் போல, துணி உறைக்குள் கால் நுழையாமல் பாதி மாட்டிக்கொண்டு தேய்த்துத் தேய்த்து நடந்தார், பின்னால் அவர் கணவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அது சரி, அந்தம்மா அதுக்கப்புறம் எங்க படுத்தாங்க என்று கேட்டார். அவர் கணவர், தெரிஞ்சு என்ன பண்ணப் போற, கட்டில் வாங்கிக் குடுக்கப் போறியா என்றார். நீங்க சும்மா இருங்க, ஒரு பொம்பளை வருஷக்கணக்கா எங்கயாவது படுத்துத்தானே ஆகணும், முதுகுன்னு ஒண்ணு இருக்குல்ல என்றார் அவர். எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் அதற்குப் பதில் இல்லை. தெரியலைங்க என்றேன். அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்களுக்கே தெரியலையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியிடம் கேட்டேன். அவள், அது தெரியாதா உனக்கு, வா என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் வாளியும் துடைப்பமும் வைக்கிற இடம், சரக்கறைக்கும் பின்வாசலுக்கும் நடுவில் ஒரு நடை, ஜன்னல் கிடையாது. வாளிகளை நகர்த்தினாள். தரையில் நாலு குழி, கட்டில் கால் அழுந்தி அழுந்தித் தேய்ந்த குழி. சின்னக் கட்டில், காலை நீட்டினால் கதவில் இடிக்கும். மேற்பார்வையாளரும் வந்து எட்டிப் பார்த்தார், ஆமாம்மா, கடைசி வரைக்கும் இங்கதான் இருந்தாங்களாம், இதை யாருக்கும் காட்டறதில்லை, பாக்கறதுக்கு ஒண்ணுமில்லையே என்றார். அந்தக் குழியில் பெருவிரலை வைத்துப் பார்த்தேன், விரல் பாதி உள்ளே போயிற்று. சின்னவள் பக்கத்தில்தான் இருந்தாள், இது புத்தகத்துலயே இல்லம்மா, இது புத்தகத்துலயே இல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அந்த அறைக் கதவைத் திறந்தேன். அப்பா அறை என்று நீ சொன்னாய், நானும் சரி என்றேன். அது என் அறையும்தான், கண்ணு. அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஜன்னலைத் திறந்தேன். விரிப்பை எடுத்தேன், தலையணை உறையைக் கழற்றினேன், பள்ளம் போய்விட்டது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் கதவைச் சாத்தியிருப்பேன், அதனால் கேட்கவில்லை. சட்டையை மட்டும் துவைக்கவில்லை, உனக்காக ஒரு பையில் போட்டு மடித்து வைத்திருக்கிறேன். துண்டும் அதோடுதான் இருக்கிறது. கோபப்படுவதாக இருந்தால் படு, என் மேல் படு, தங்கை மேல் வேண்டாம், அவள் அழுதுகொண்டே தடுத்தாள்.

(அக்கா, அம்மா தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள், அதற்குள் நான் ஒன்று எழுதுகிறேன். நான் தடுத்தது உண்மைதான். அந்த அறைக்குக் கயிறு கட்டி, சட்டை, கடிகாரம், துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வைக்கலாம், நீ வந்ததும் நானே சுற்றிக் காட்டலாம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னென்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அதனால் அம்மா விரிப்பை எடுத்தபோது கோபம் வந்தது. ஆனால் புது விரிப்புப் போட்ட பிறகு அம்மா கட்டில் பக்கத்தில் ரொம்ப நேரம் சும்மா நின்றாள். பிறகு தன் பக்கத்து ஓரத்தில், விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிற அளவுக்கு ஓரத்தில் படுத்தாள். மீதிக் கட்டில் முழுவதும் காலியாக இருந்தது. அம்மா வருகிறாள்.)

இவள் என்ன எழுதினாள் என்று படித்துக் காட்டச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள், இருக்கட்டும். இப்போது அங்கேதான் தூங்குகிறேன். முதல் ராத்திரி அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, வந்தது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். முதுகுவலி மட்டும் குறைந்திருக்கிறது. அலாரத்துக்குப் புது பேட்டரி போட்டேன், நேரத்தை மாற்றவில்லை. இத்தனை வருஷத்தில் அதை நான் ஒரு நாளும் நிறுத்தியதில்லை, நாம் யாரும் விழிக்கக் கூடாது என்று முதல் மணியிலேயே அப்பா அமுக்கிவிடுவார். அது அவர் பக்கத்து ஜன்னல் மேடையில் இருக்கிறது, இருந்த இடத்தில் இருந்தபடி எனக்கு எட்டாது. அது அடிக்கும்போது அவர் படுக்கிற இடத்துக்கு நகர்ந்துபோய்த்தான் கையை நீட்ட வேண்டும். நகர்ந்துபோகிறேன், நிறுத்துகிறேன், பிறகு என் பக்கம் திரும்பாமல் அங்கேயே விடியும்வரை படுத்திருக்கிறேன். வேறு ஒன்றும் செய்வதில்லை.

நீ வரும்போது அப்பா விட்டுப்போன அறை இருக்காது. நான் இருப்பேன். அந்தக் கட்டிலில் மூன்று பேர் படுக்கலாம், நீ குழந்தையாக இருந்தபோது படுத்திருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, நோய்நொடி இல்லாமல், நீண்ட நாள் நன்றாக இருங்கள். ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, அவரை வந்து கூட்டிப்போகச் சொல், எங்கே படுத்தாலும் முதுகுக்கு நல்லதாக ஏதாவது போட்டுக்கொண்டு படு. தேதி தெரிந்ததும் சொல், இன்னொரு தலையணை வாங்க வேண்டும்.

உன் அம்மா,
படுக்கையறை

(இது மாடிப்படி சொல்லிக்கொடுத்த கையெழுத்து, அக்கா. போட்டுவிட்டு அம்மா கொஞ்சம் சிரித்தாள்.)