மாம்பழத் தோலும் பத்துக் குட்டிகளும்

யூன் 9, திங்கள்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. புளியங்கூடல் முழுக்கப் புழுதி. பரிசோதனை இன்று தொடக்கம்.

குட்டிகள் ஆறு. வயது மூன்று மாதம். ஒரே கிடாய்க்குப் பிறந்தவை, ஒரே கிழமையில் பால் மறந்தவை. நிறை குறித்து, முதுகில் பெயின்றால் இலக்கம் போட்டேன்.
1, 2, 3: குழையுடன் மாம்பழத் தோல்.
4, 5, 6: குழை மட்டும். இவை கட்டுப்பாடு. அதாவது, மேலதிகமாக ஒன்றும் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விடப்பட்டவை.

தோல் தருபவர் பாக்கியம் அக்கா. சந்தியில் பெண்கள் சேர்ந்து ஜாமும் பழரசமும் செய்கிறார்கள். அக்கா அதற்குத் தலைவி. இவ்வளவு நாளும் தோலைப் பின்னால் கிடங்கு வெட்டிக் கொட்டினார்கள். இலையான் (ஈ) பெருகி, அயல் முழுக்க முறைப்பாடு. ஊர்காவற்றுறையில் பன்றி வளர்க்கும் ஒருவர் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அக்கா சொன்னது: "மாஸ்டர், மூண்டு கிழமை உங்களுக்குத் தாறன். குட்டி தேறினதைக் காட்டுங்கோ, சீசன் முழுக்கத் தோல் ஆட்டுக்குத்தான். இல்லாட்டிப் பண்டிக்காரன் வருவான்."

யூலை 1 ச. வந்து பார்ப்பார். ச. என்பது சகலன் இரவி, என் மனைவி சரோவின் தங்கையின் கணவர். கால்நடை அலுவலகத்தில் பெரிய கதிரை. கம்பஸில் எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தவர். என் குறிப்புக் கொப்பியை இரவல் வாங்கித்தான் பாஸ் பண்ணினார். கொப்பி இன்னும் வரவில்லை. முடிவு சரியாக இருந்தால் அறிக்கை எழுதி என் பெயருடன் மேலே அனுப்புவாராம். என் பெயருடன். இத்தனை வருடச் சேவையில் என் பெயருடன் மேலே போனவை இடமாற்ற விண்ணப்பங்கள் மட்டும்.

யூன் 11, புதன்

தோலை இரண்டு நாள் தகரக் கூரையில் காயப்போட்டேன். மேலே பழைய மீன்வலை, காகத்துக்காக. காகம் வலைக்குள் தலையை விட்டுத் தின்கிறது.

கலவை: நொறுக்கிய தோல் இரண்டு பங்கு, தவிடு ஒரு பங்கு, உப்பு ஒரு சிட்டிகை, தெளிக்கத் தண்ணீர். பச்சைத் தோல் கூடாது. புளித்து வயிறு ஊதும். 2ஆம் இலக்கம் வாளியில் திருடித் தின்று ஊதிப்போய் நின்றது. நல்லெண்ணெய் பருக்கி, வயிற்றைத் தடவிக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். பிறகு ஏப்பம் விட்டது, என் முகத்துக்கு நேரே.

கொட்டிலை நடுவில் தகரம் வைத்துப் பிரித்தாயிற்று. தோல் வைக்கும்போது 4, 5, 6 தகரத்தில் காலை ஊன்றி எட்டிப் பார்க்கின்றன.

"பாவமப்பா, பாத்துக்கொண்டு நிக்குதுகள்" என்றாள் சரோ.
"பாக்கட்டும். அதுகளின்ரை வேலையே அதுதான்."

கட்டுப்பாடு என்றால் என்ன, ஏன் அவசியம் என்று தாளில் படம் கீறி அரை மணித்தியாலம் விளக்கினேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டாள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளைவிட நன்றாக விளங்கிக்கொண்டாள்.

யூன் 13, வெள்ளி

பள்ளிக்கூடம். ஆசிரியர் அறையில் அதிபர் (என்னிலும் பத்து வயது இளையவர்) எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்: "என்ன சேர், ஆட்டுக்கும் ரியூசனோ?"
சிரித்தவர்கள் ஐந்து பேர். ஆறாவது ஆள் இருமினார். சந்தேகத்தின் பலன் அவருக்கு.

திரும்பி வரும்போது வேலிக்கு மேலால் துரைசிங்கத்தாரின் மொட்டந்தலை. என் குட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர். இளைப்பாறிய போஸ்ட் மாஸ்டர். அதிபர் பதவிக்கு என் பெயர் வந்தபோது, பாடசாலைக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னார்: "மனிசன் படிச்சவர். ஆனா ஆக்களோடை ஒத்துப்போக மாட்டார்." அதோடு பதவி போயிற்று. அன்றிலிருந்து கதையில்லை. ஏழு வருடம்.

யூன் 16, திங்கள்

தொடக்க நிறைக்குப் பிறகு முதல் நிறுவை. மண்டைதீவு மீன்காரரிடம் இரவல் வாங்கிய தொங்கு தராசு. உரப்பையில் நாலு ஓட்டை வெட்டி, கால்களை வெளியே விட்டு, வேப்பமரத்தில் தூக்கினேன். 1ஆம் இலக்கம் தொங்கிக்கொண்டே வேப்பங்குழை தின்றது. நிறையில் அதையும் கழிக்க வேண்டும்.

1, 2, 3 நன்றாக ஏறியிருக்கின்றன. மயிரில் மினுக்கம்.
4, 5, 6 உம் ஏறியிருக்கின்றன. முதற்கிழமை அப்படித்தான்.

தராசு முழுக்க மீன் மணம். பூனைகள் மூன்று.

யூன் 23, திங்கள்

இரண்டாம் நிறுவை. மூன்று தரம் நிறுத்தேன்.

இரு பக்கமும் ஒரே ஏற்றம். 5ஆம் இலக்கம் 3ஐவிடக் கால் கிலோ கூட. வெறும் குழை தின்கிற குட்டி, சேமியா போட்ட பாயாசம் குடித்த ஆள்மாதிரி நிற்கிறது.

காரணங்கள்:
1. தராசு பிழை. (சீனி மூட்டை வைத்துப் பார்த்தேன். சரி.)
2. தோலில் சத்தில்லை. (அப்படியானால் ஆறும் குழைக்கு ஏறுகிற அளவே ஏற வேண்டும். ஆறும் கொழுத்திருக்கின்றன.)
3. யாரோ கெடுக்கிறார்கள். துரைசிங்கத்தார்? வேலியால் எதையாவது எறிகிறாரோ. அல்லது ச. ஆள் வைத்து... இல்லை, ச.வுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை.

இன்னும் எட்டு நாள். ச. வந்து தராசைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அந்தச் சிரிப்பைச் சிரிப்பார். நினைக்கவே சாப்பாடு இறங்கவில்லை. சரோ இரண்டு தோசை கூட வைத்தாள். சாப்பிட்டேன்.

யூன் 26, வியாழன்

விளையாட்டுப் பயிற்சி என்று பள்ளிக்கூடம் பதினொன்றரைக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்தாமல் பின்பக்கம் போனேன்.

நடுத் தகரம் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தது. பெரிய அலுமினியச் சட்டி. ஆறு குட்டியும் வட்டமாக நின்று தின்கின்றன. நடுவில் சரோ, அகப்பையுடன்.

"என்ன செய்யிறீர்?"
"சாப்பாடு குடுக்கிறன்."
"நாலும் அஞ்சும் ஆறும் கட்டுப்பாடு."
"ஓம், சொன்னனீங்கள். படமும் கீறினனீங்கள்."
"பிறகு?"
"ஒரே கொட்டிலிலை நிக்கிற ஆறிலை மூண்டுக்குப் போட்டு, மூண்டைப் பாத்துக்கொண்டு நிக்க விடுறதோ? அது பந்தி வஞ்சகம். எங்கடை வீட்டிலை அந்தப் பழக்கம் இல்லை. உங்கடை பங்கிலை நான் கை வைக்கேல்லை. பாக்கியம் அக்காட்டைத் தனியாய் ஒரு பை வாங்கினனான்."
"எப்ப தொடக்கம்?"
"நீங்கள் தோல் வைக்கத் தொடங்கின ரெண்டாம் நாள்."
"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."
"நீங்கள் கேக்கேல்லையே. விளங்கப்படுத்தினனீங்கள்."

4ஆம் இலக்கம் என் சேட்டு நுனியைச் சப்பியது. அதற்கு மந்திரி என்று பெயராம். ஆறுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்.

யூன் 27, வெள்ளி

நித்திரை இல்லை. யோசித்துப் பார்த்தால், தோலில் பிழையில்லை. ஆறும் தோல் தின்று ஆறும் தேறியிருக்கின்றன. வேண்டியது தோல் தின்னாத குட்டி. இதே வயது, இதே கிடாய், இதே குழை.

அப்படி நாலு குட்டி இருக்கின்றன. எங்கே என்றால், வேலிக்கு அந்தப் பக்கம்.

துரைசிங்கத்தாருக்குக் கடிதம் எழுதினேன். "ஐயா, தங்கள் ஆட்டுக்குட்டிகளை ஒரு தடவை நிறுப்பதற்கு..." மூன்று வரைவு. கடைசியில் கையொப்பமும் பதவியும். சரோவிடம் கொடுத்தேன்.

"கூப்பிடு தூரத்திலை இருக்கிற வீட்டுக்குக் கடிதமோ? அந்தாள் போஸ்ட் மாஸ்டர். முத்திரை ஒட்டேல்லை எண்டு திருப்பி அனுப்பும்."
"அந்தாள் என்னைப் பற்றிச் சபையிலை என்ன சொன்னது தெரியும்தானே."
"தெரியும். ஆக்களோடை ஒத்துப்போக மாட்டார் எண்டது. அதை ஏழு வருசமாய் நீங்கள் நிரூபிச்சுக்கொண்டு இருக்கிறியள்."

கடிதம் மேசையில் கிடக்கிறது. பெண்கள் தர்க்கம் படிப்பதில்லை என்பது பொய்.

யூன் 29, ஞாயிறு

போனேன். ஒழுங்கையால் தெருவைச் சுற்றி, வாசல் படலையால், முறைப்படி. வெள்ளை வேட்டி.

துரைசிங்கத்தார் முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேப்பரை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"வாரும் மாஸ்டர். இரும்."
இருக்கவில்லை. "ஒரு விஞ்ஞான விசயம்" என்றேன். நின்றபடியே ஐந்து நிமிடம் சொன்னேன்: என் குட்டிகள், தோல், செவ்வாய்க்கிழமை நிறுவை, அவருடைய நாலு குட்டிகள் ஏன் தேவை.

நெடுநேரம் தலையைச் சொறிந்தார். எதையோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார்.
"செவ்வாய்க்கிழமையோ? கொண்டு வாறன்."
"நன்றி."
"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன்."

குடித்தேன். சீனி கூட. இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்தோம். மழை இல்லை, ஆகவே கதை சீக்கிரம் முடிந்தது. எழும்பும்போது ஒரு சீப்பு கதலி வாழைப்பழத்தைக் கையில் வைத்தார். ஒழுங்கையால் வாழைச்சீப்புடன் வந்தேன். கண்டவர்கள் இரண்டு பேர்.

யூலை 1, செவ்வாய்

ச. பத்து மணிக்கு வந்தார். அலுவலக வாகனம், வெயில் கண்ணாடி. "அண்ணை, எப்பிடி எங்கடை ஆராய்ச்சி?" எங்கடை.

பாக்கியம் அக்காவும் வேறு இரண்டு பெண்களும் வேப்பமரத்தடியில். என் ஆறையும் நிறுத்தோம். நடந்ததை ச.விடம் ஒளிக்காமல் சொன்னேன்; சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். "பரவாயில்லை அண்ணை, வெளியிலை ஒரு கட்டுப்பாடு இருந்தால் அறிக்கை எழுதலாம்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை எனக்குப் பிடித்தது.

துரைசிங்கத்தாருக்காகப் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எங்கள் குசினிக்குப் பின்னால் இருந்து வந்தார், நாலு குட்டிகளையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு.

எங்கள் வேலியில் பொட்டு, அதாவது புகுந்து வர ஓட்டை, இருப்பது எனக்குத் தெரியாது. குனிந்தால் ஒரு ஆள் தாராளமாக வரலாம். ஒரு ஓலைக் கிடுகைக் கதவுபோலக் கட்டியிருக்கிறார்கள். கட்டிய கயிறு நைந்த பழங்கயிறு. நிலத்தில் புல் முளைக்காத ஒற்றையடிப் பாதை.

நிறுத்தோம். நாலும் என் ஆறைப் போலவே. ஒன்று மந்திரியைவிடக் கூட.

"என்ன ஐயா குடுக்கிறியள் இதுகளுக்கு?" என்று ச. கேட்டார்.
துரைசிங்கத்தார் சரோவைப் பார்த்தார். சரோ வேப்பமரத்தைப் பார்த்தாள்.
"மாஸ்டர் வீட்டுத் தோல்தான். பிள்ளை பொட்டுக்குள்ளாலை ஒவ்வொரு நாளும் தாறவ. என்ரை குட்டியள் வேலியாலை தலையை விட்டுப் பாத்ததுகளாம்."

ஒரு குட்டி செருமியது.

"ஞாயிற்றுக்கிழமை நான் வந்து கேட்டபோது சொல்லியிருக்கலாமே" என்றேன்.
"சொல்லத்தான் வாயெடுத்தனான். ஏழு வருசத்துக்குப் பிறகு வீட்டை வந்து நிக்கிறீர். தோல் கதையைச் சொல்லி உம்மைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரேல்லை."

ச. பேனையை மூடினார். "அண்ணை, கட்டுப்பாடு இல்லாமல் அறிக்கை எழுத ஏலாது." அந்தச் சிரிப்பைச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பாக்கியம் அக்கா எழும்பிச் சேலையைத் தட்டினார். "அறிக்கையை நீங்கள் ஆறுதலாய்ப் பாருங்கோ. எனக்குப் பத்துக் குட்டியும் கண்ணுக்குத் தெரியுது. பண்டிக்காரனுக்கு நான் சொல்லுறன். தோல் ஊரிலை ஆடு வைச்சிருக்கிற எல்லாருக்கும். மாஸ்டரும் போஸ்ட் மாஸ்டரும் பிரிச்சுக் குடுக்கட்டும்."

பிறகு எல்லாருக்கும் சோறு. துரைசிங்கத்தார் எங்கள் குசினியில் உப்புச் சாடியை, இடம் கேட்காமலே, எடுத்தார்.

யூலை 2, புதன்

லீவு போட்டேன். காரணம் "சுகயீனம்".

ஏழு வருடப் பகை. அதில் நான் ஒருத்தன் மட்டும் இருந்திருக்கிறேன். பொட்டால் கறி போயிருக்கிறது, பழம் வந்திருக்கிறது, ஊர்ப் புதினம் இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறது. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்திருக்கிறது. இந்த ஊரில் ஒன்றும் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விடப்பட்ட ஒரே உயிர் நான்தான்.

என் நிறையும் பார்த்தேன். அறுபத்தொன்பது கிலோ, ஏறியிருக்கிறது. தோசை.

யூலை 4, வெள்ளி

காற்று குறைவு. ச. தொலைபேசியில்: இரண்டாம் தடவை செய்வோம், சுத்தமான கட்டுப்பாடு ஒன்றைத் தேடுங்கள்.

தகைமைகள்: மூன்று மாதக் குட்டி, குழை மட்டும் தின்ன வேண்டும், சரோவுடன் கதையில்லாத வீடாக இருக்க வேண்டும். வேலணை வரை யோசித்துப் பார்த்தேன். நான் பகைக்காத வீடு ஒன்றிரண்டு உண்டு. அவள் பகைத்த வீடு ஒன்றும் இல்லை.

பிறகு ஞாபகம் வந்தது: ச.வின் வீட்டிலேயே இரண்டு குட்டி நிற்கின்றன. யாழ்ப்பாணம். பாலத்துக்கு அந்தப் பக்கம். வேலி இல்லை, பொட்டு இல்லை. உடனே தொலைபேசியை எடுத்தேன். ச. வேலைக்குப் போய்விட்டார், மைத்துனிதான் பேசினாள். நான் வாய் திறக்க முதல்:

"அத்தான், நீங்களே எடுத்தது நல்லதாய்ப் போச்சு. அக்கா பஸ்ஸிலை குடுத்துவிட்ட தோல் நேற்றோடை முடிஞ்சுது. ரெண்டும் காலமை தொடக்கம் கத்துதுகள். இவருக்குச் சொல்லாதேங்கோ, ஆடு என்ன தின்னுதெண்டு இவருக்குத் தெரியாது."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். கத்துகின்றனவாம்.

கூரையில் காய்ந்த தோல் ஒன்றரைப் பை இருந்தது. ஒரு பையைக் கட்டி, யாழ்ப்பாணம் போகிற இரண்டரை மணிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.