சுங்கக் கிடங்கில் முடங்கியிருக்கும் ஆறு டப்பா பால்மா

அனுப்புநர்:
சட்டைத் தையல் கூடத்தில் காஜா மெஷின் ஓட்டுபவர்,
நான்கு மாதப் பெண் குழந்தையின் தாய்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
சுங்கத் துறை.

பொருள்: பார்சல் பிரிவு உதவி அலுவலரின் நாட்டுப்பற்றால் பதினெட்டு நாட்களாகத் தேங்கிக் கிடக்கும் பால்மா டப்பாக்களை விடுவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாலில் உள்ள புரதத்தின் ஒரு கூறு என் மகளின் உடம்புக்கு ஆகாது. தாய்ப்பாலையே மருத்துவர் அளந்துதான் தரச் சொல்லியிருக்கிறார். மிஞ்சினால் மூளையைப் பாதிக்கும். அந்தக் கூறு இல்லாத மாவு வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வருகிறது. வீட்டில் இருப்பது வியாழன் இரவு வரைதான் வரும்.

2. உதவி அலுவலர் என்னிடம், “நம்ம நாட்டுல இல்லாத பாலாம்மா? படிச்ச பொண்ணு, வீட்டுலயே ஏதாவது அரைச்சுக் குடுக்கக் கூடாதா?” என்றார். மிக்ஸியில் புரதத்தைப் பிரிக்கும் வித்தை எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியுமானால், அதை இத்தனை நாள் மறைத்து வைத்திருப்பது பெருங்குற்றம்.

3. பிறகு, இம்மாவு உள்நாட்டில் தயாராவதில்லை என்று பால் பண்ணையில் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். பண்ணை மேலாளர் நல்ல மனிதர். “எங்ககிட்ட சாக்லேட் பால் இருக்கு, அது ஆகுமாம்மா?” என்று கேட்டவர், அதையே கடிதமாகவும் எழுதித் தந்தார். உதவி அலுவலர் அதைப் படித்துவிட்டு, ‘மாற்றுப் பொருள் உள்நாட்டில் உண்டு’ என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.

4. அவருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன். மருத்துவர் கணக்கில் நம் நாட்டில் இத்தகைய குழந்தைகள் பதினொரு பேர். பதினொரு பேருக்காக யாரும் தொழிற்சாலை கட்டமாட்டார்கள். ஒவ்வொரு நாட்டின் பத்தும் இருபதும் சேர்ந்தால்தான் ஒன்றாவது ஓடும். எங்கள் கூடத்தில் பொத்தான் நுழையும் காஜா மட்டும் என் வேலை. என் நாத்தனாருக்குக் காலர். அவர் லீவு போட்ட அன்று நான் காலர் வைத்தேன். எட்டுச் சட்டைகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அவரவர் கைவந்ததை அவரவர் செய்வதால்தான் எங்கள் சட்டைகள் கப்பல் ஏறுகின்றன. அந்த மாவு தயாராகும் நாட்டுக்கும் போகின்றன. அங்கே எவரும், “வீட்டுலயே தைச்சுக்கக் கூடாதா?” என்று கேட்டு அவற்றைத் தடுத்து வைக்கவில்லை. அங்குள்ள அலுவலர்களுக்கு வேறு வேலை இருக்கும் போலும்.

5. முத்திரை குத்துவதும் ஒரு தனித்திறனே, நான் மறுக்கவில்லை. உதவி அலுவலர் அந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு, குழந்தை மருத்துவத்தையும் நாட்டின் தொழில் கொள்கையையும் உரியவர்களிடம் விட்டிருந்தால், இம்மனுவுக்கே தேவை வந்திராது.

எனவே, வியாழக்கிழமை மாலைக்குள் டப்பாக்களை விடுவிக்க ஆணையிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அது இயலாதெனில், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் மகளுக்கு எதைப் புகட்ட வேண்டும் என்று உதவி அலுவலர் தம் கைப்பட எழுதி, பெயரும் பதவியும் இட்டுக் கையொப்பமிட்டுத் தரட்டும். மருத்துவர் கேட்டால் நான் காட்ட வேண்டும்.

நாள்: 14, செவ்வாய்க்கிழமை
இடம்: சுங்க அலுவலகக் காத்திருப்பு அறை

(கையொப்பம்)
குழந்தையின் தாய்