எம். பூர்ணம் அவர்களின் தங்கை

1967 மார்ச் 4, சனி

காலை ரயில் நாற்பது நிமிடம் தாமதம். ஆபீசில் மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மாலை பொன்னேரியில் இறங்கியதும் ஸ்டேஷன் கடையில் ‘சூறாவளி’ சித்திரக்கதைப் பத்திரிகை வந்திருந்தது. வாசகர் பக்கத்தில் முதல் கடிதம் என்னுடையது. இது ஒன்பதாவது. ‘எம். பூர்ணம், பொன்னேரி.’

எம் என்பது நைனா, முனிகிருஷ்ணன். பூர்ணம் என்பது சம்பூர்ணத்தில் மிச்சம். முதல் தடவை முழுப் பெயரையும் போட்டுத்தான் எழுதினேன். வில்லன் டாக்டர் பிரளயத்தின் நீர்மூழ்கிக் கப்பல் ஏழாம் பக்கத்தில் மூழ்கிவிட்டது, பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் எதில் தப்பிக்கிறான் என்று கேட்டிருந்தேன். ‘சகோதரி, சித்திரக்கதையில் உங்கள் தம்பிக்கு உள்ள ஆர்வத்துக்கு வாழ்த்து’ என்று பதில் போட்டார்கள். எனக்குத் தம்பி கிடையாது. கூடப்பிறந்தவர் யாருமே கிடையாது. அடுத்த கடிதத்தைப் பூர்ணம் என்று எழுதினேன். ‘கூர்மையான பார்வை கொண்ட நண்பரே’ என்றார்கள்.

1967 ஏப்ரல் 19

புதுவாயல் கூட்டு ரோட்டில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருக்கும் வீரராகவன் என்பவரிடமிருந்து கடிதம். சித்திரக்கதை வாசகர்களுக்கு ஒரு மாநாடு கூட்டப்போகிறாராம். மே 14. நெல் குடோன் ஒன்று காலியாக இருக்கிறதாம். ‘தாங்கள் தலைமை ஏற்றால்தான் மாநாடு மாநாடாக இருக்கும்.’

மூன்று தடவை படித்தேன். என்னை யாரும் எதற்கும் தலைமை ஏற்கக் கூப்பிட்டதில்லை. ஒத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

1967 மே 14, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நல்ல புடவை கட்டிக்கொண்டு, நான்கு பக்கப் பேச்சைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போய் இறங்கினேன். குடோன் வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே பதினோரு பேர், பதினோரு பேரும் ஆண்கள். வீரராகவன் ஓடி வந்தார். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பூர்ணம் சார் பின்னாடி வர்றாரா?”

“இல்ல...”

“உடம்பு சரியில்லையா? நீங்க அவருக்கு தங்கச்சியா?”

ஏன் தலையை ஆட்டினேன்? நான்தான் பூர்ணம் — இரண்டே சொல். நாக்கில் இருந்தது. ஆனால் பதினோரு முகத்திலும் ஒரே ஏமாற்றம், அதைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது. அவர்களுடைய மாநாட்டை நானே கெடுக்க வந்தவள் மாதிரி.

தலைவர் நாற்காலியைக் காலியாக விட்டு அதற்கு மாலை போட்டார்கள். பேச்சை நான் வாசித்தேன், ‘அண்ணன் எழுதிக் கொடுத்தது’ என்று. நீர்மூழ்கிக் கப்பல் இடத்தில் கை தட்டினார்கள். அப்புறம் வீரராகவன், “தங்கச்சி, அங்க பாய்லர்ல டீ இருக்குது, எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துட்டா புண்ணியமா போகும்” என்றார்.

ஊற்றிக் கொடுத்தேன். தலைவர்!

ஒருவர் மட்டும் எழுந்து வந்து என் கையிலிருந்த டீத் தட்டை வாங்கிக்கொண்டார். நாகமுத்து. பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பம், எண்ணூரில் பவர் ஹவுஸ் கட்டுகிற இடத்தில் கம்பி கட்டும் வேலை. “இன்னா எழுத்துங்க உங்க அண்ணனுது! வாத்தியாரு கூட அப்டி சொல்லிக் குடுக்க மாட்டாரு,” என்றார்.

1968 மே 12, ஞாயிறு

இரண்டாவது மாநாடு. இருபத்து மூன்று பேர். அண்ணனுக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுப் பேச்சை வாசித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ‘சென்ற ஆண்டு நினைவுகள்’ என்று ஒரு பகுதி. கும்மிடிப்பூண்டி ஜோசப், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், எழுந்து, “போன வருசம் பூர்ணம் சார் இதே எடத்துல நின்னு பேசுனது இன்னும் காதுல கேட்டுகினே கீது” என்றார். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள்.

1969 மே 11

நாற்பது பேர். பூர்ணம் ஆறடி உயரமாம். ஜோசப் கும்மிடிப்பூண்டி ரயிலில் பார்த்தாராம். கண்ணாடி போட்டிருந்தாராம்.

1970 மே 10, ஞாயிறு

அறுபது பேரைத் தாண்டிவிட்டது. குடோன் நிரம்பி வாசலில் நின்றார்கள். நினைவுகள் பகுதி இரண்டு மணி நேரம் ஓடியது. முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றபோது முப்பத்தைந்து கைகள். பதினோரு டம்ளர்தான் ஊற்றினேன், எண்ணிக்கை எனக்குத் தெரியாதா?

வீரராகவன் மேடையிலேயே சொன்னார்: முதல் மாநாட்டன்று மாலை பூர்ணமும் அவரும் கூட்டு ரோடு வரை நடந்து போனார்களாம். ‘சூறாவளி’யின் கதாநாயகன் வேழன் ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று பூர்ணம் மனம் விட்டுப் பேசினாராம். அதை நம் இருவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். ஆகவே அறுபது பேரிடம் சொன்னார்.

கேட்கக் கேட்க எனக்கே அந்த மனிதர் மேல் ஒரு மரியாதை வந்தது. கொஞ்சம் எரிச்சலும்.

கிளம்பும்போது நாகமுத்து பஸ் வரும்வரை கூட நின்றார். மழை வருமா என்று மட்டும் கேட்டார். மே மாதம்.

1970 ஜூன் 15

‘சூறாவளி’ ஆபீசிலிருந்து ஒரு கவர், அதற்குள் இன்னொரு கவர். ‘எம். பூர்ணம் அவர்கள், நேரில் பிரிக்கவும்.’ நாகமுத்து எழுதியிருக்கிறார். அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

‘தங்கள் தங்கையை மணம் செய்துகொள்ளத் தங்கள் சம்மதம் வேண்டுகிறேன். பவர் ஹவுசில் நிரந்தர வேலை ஆகிவிட்டது. தங்கள் தங்கைக்கு நம் சித்திரக்கதைகளில் ஆர்வம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் தங்களுக்காக ஆண்டுதோறும் வந்து பொறுமையாக உட்காருகிறார். அந்தப் பொறுமைதான் என்னைக் கவர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு படிக்க நானே மெல்ல மெல்லக் கற்றுக்கொடுக்கிறேன்.’

கற்றுக்கொடுக்கிறாராம்!

சிரித்தேன். நைனா அடுத்த அறையிலிருந்து இன்னா என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லையா? நாகமுத்து தட்டை வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் நான் எதற்காகப் போனேன்? மாநாட்டுக்கு மட்டுமா?

1970 ஜூன் 22

எண்ணூர் ஸ்டேஷனில் நாகமுத்துவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அண்ணன் கிடையாது. எல்லாக் கடிதமும் நான் எழுதியது. உங்க கடுதாசியும் எனக்குத்தான் வந்துச்சு.

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உங்க அண்ணன் வேணாம்னு சொல்ட்டாரா?”

“அண்ணனே இல்லங்கறேன்.”

“கடல்கார வூட்ல பொண்ணு குடுக்க மாட்டேன்னா அப்டியே சொல்ட்டு போங்க. நான் தாங்கிப்பேன். இந்த மாரி கதை கட்டாதீங்க. அவரு பேரையும் எடுத்துக்கினு...”

போயிட்டாரு. அவ்ளோதான். நான் வேணாம்னு சொல்லல, அவரும் வேணாம்னு சொல்லல, நடுவுல ஆறடி உயரத்துக்கு ஒரு ஆளு நின்னுகினு கீறான். இல்லாத ஆளு. அழுவறதா சிரிக்கறதா தெர்ல. ரயில்லயே அழுதுட்டேன்.

1970 ஜூலை 3

‘சூறாவளி’ வந்தது. கடிதம் எழுதவில்லை. இனி எழுதப்போவதும் இல்லை.

1971 மே 9

மாநாட்டுக்குப் போகவில்லை. வீட்டில் துணி துவைத்தேன்.

1972 ஏப்ரல் 27

வீரராகவனிடமிருந்து அச்சடித்த அழைப்பு. கறுப்புக் கட்டம் போட்டது. ‘அமரர் எம். பூர்ணம் நினைவஞ்சலி.’ இரண்டு வருடமாகக் கடிதம் வராததால் அவரே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. ‘அன்னாரின் தங்கை அவசியம் வரவேண்டும்.’

நைனாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ‘எம்.’ வரை படித்துவிட்டு நிறுத்தினார். “எம்முன்னா எம் பேராச்சே. யார் செத்தது?” என்றார். முழுவதையும் சொன்னேன். “போய் நிறுத்திட்டு வா. பேஜாரு புடிச்ச வேலயா கீது,” என்றார்.

1972 மே 14, ஞாயிறு

குடோனில் ஒரு படம். ஜோசப் சொன்ன அடையாளத்தை வைத்து எண்ணெய்ச் சாயத்தில் வரைந்திருக்கிறார்கள். கண்ணாடி, சுருள் முடி, மீசை. மீசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சந்தன மாலை, ஊதுவத்தி. நூறு பேர் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். நானும் நின்றேன். நிற்காமல் என்ன செய்வது?

பிறகு ஒவ்வொருவராக நினைவுகள். ஒருவரை அவர் ரயிலில் விழாமல் பிடித்தாராம். ஒருவருக்குத் தன் குடையைக் கொடுத்தாராம். வீரராகவன், “போகும்போது கூட யாருக்கும் தொந்தரவு குடுக்காம போயிட்டாரு” என்றபோது எழுந்துவிட்டேன்.

“பூர்ணம் சாகல. நான்தான் பூர்ணம். சம்பூர்ணம்.”

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. ஜோசப் தண்ணீர் கொண்டுவந்தார். “துக்கத்துல பேசுது பாவம். கூடப் பொறந்ததாச்சே.”

“சோதிச்சிப் பாருங்க,” என்றேன். “எது வேணா கேளுங்க.”

வீரராகவன் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். வேழன் முதலில் வந்தது எந்த இதழ், டாக்டர் பிரளயத்தின் மகள் பெயர் என்ன, எரிமலைத் தீவு எத்தனை பாகம். பத்தொன்பது கேள்விகள். பத்தொன்பதுக்கும் சொன்னேன். இருபதாவதாக, “வேழனோட வலது கன்னத்துத் தழும்பு எப்படி வந்துச்சு?” என்றார்.

“கேள்வியே தப்பு. தழும்பு இடது கன்னம். முப்பத்தோராவது இதழ்ல படம் போட்டவரு மாத்திப் போட்டுட்டாரு. நீங்க அத்த மட்டும் பாத்துட்டு அஞ்சு வருசமா மேடையில தப்பாவே சொல்லிகினு கீறீங்க.”

வீரராகவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு!”

கை தட்டினார்கள்.

1972 மே 15

ஆபீஸ் விட்டு வரும்போது எண்ணூர் ஸ்டேஷனில் நாகமுத்து நிற்பதைப் பார்த்து இறங்கிவிட்டேன். இரண்டு வருடத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நேற்று அவர் கடைசி வரிசையில் நின்றதை நான் கவனிக்கவில்லை.

“சொல்லிக் குடுத்து வந்தவங்க கேட்டதுக்கு பதில் சொல்வாங்க. கேள்வியே தப்புன்னு சண்டைக்கி நிக்க மாட்டாங்க,” என்றார்.

அப்புறம் அவரே கேட்டார்.

“அந்தக் கடுதாசி... முழுசா படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“கத்துக் குடுக்கறேன்னு எழுதுனது?”

“அதையும்தான்.”

பிளாட்பாரத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரயில் வந்தது, போனது. அடுத்த ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம். இருவருமே ஏறவில்லை.

1972 ஆகஸ்ட் 9

முழுப் பெயரில் ‘சூறாவளி’க்குக் கடிதம் எழுதினேன். இந்த முறை தம்பியை வாழ்த்தவில்லை. ‘மறைந்த பூர்ணத்தின் தங்கை எழுதுகிறார்’ என்று தலைப்பு போட்டார்கள். எரிமலைத் தீவு ஆகச் சிறந்த கதை என்று பூர்ணம் எழுதியது தவறு, அவர் அவசரப்பட்டுவிட்டார் என்று எழுதியிருந்தேன். உண்மையும் அதுதான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது.

1972 செப்டம்பர் 6

என்னைக் கண்டித்துப் பதினேழு கடிதங்கள். ‘செத்துப்போன அண்ணனை இப்படியா!’ ஆதரித்து நான்கு. அதில் ஒன்று பவர் ஹவுஸ் முகவரி.

1973 பிப்ரவரி 2

நாகமுத்துவைக் கட்டிக்கொள்ளப் போவதாக நைனாவிடம் சொன்னேன். மீன்காரன் வீடா என்று ஒருநாள் கத்தினார். பொம்மைப் புத்தகம் படிக்கிறவனா என்று மறுநாள் கத்தினார். இரண்டாவதுதான் அவருக்கு அதிகம் உறைத்ததாகத் தோன்றுகிறது.

1973 மே 2

நைனா மூன்று மாதமாகப் பேசவில்லை. இன்று பேசினார். “அவன வந்து நாஷ்டா துன்னுட்டுப் போவச் சொல்லு. ஆளப் பாக்கணும்.”

1974 மே 12

மாநாட்டில் பூர்ணம் கட்சி எழுபது பேர், சம்பூர்ணம் கட்சி ஐம்பது பேர். மதிய சாப்பாட்டில் கைகலப்பு. நாகமுத்து வாய்ப்பேச்சில் இருந்தாராம், அடியில் இல்லையாம். கட்டிக்கிட்ட ஆறு மாசத்துல எம் புருசனுக்கு என் பேருக்காக சட்டை கிழிஞ்சிருக்குது.

1976 மே 9, ஞாயிறு

பத்தாவது மாநாடு. இந்த எமர்ஜென்சி காலத்தில் கூட்டம் போட போலீஸ் அனுமதி வேண்டும். வேழன் எந்தக் கட்சி என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். வீரராகவன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார், எந்தக் கட்சியும் இல்லை என்று.

தலைமை நான். இருநூறு பேர் இருக்கும். போன வருடமே கூப்பிட்டார்கள், குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. வீரராகவன் அறிமுகம் செய்துவைத்தார்: அண்ணனின் நிழலிலிருந்து வெளியே வந்து, அண்ணனையே எதிர்த்து நிற்கும் வீராங்கனை. மறுக்கப் போகவில்லை. நான்கு வருடம் மறுத்துப் பார்த்தாகிவிட்டது.

நினைவுகள் பகுதி மூன்று மணி நேரம். ஜோசப், முதல் மாநாட்டில் பூர்ணம் தன் கையாலேயே எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்த எளிமையைச் சொன்னார். அவர் இதுவரை சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். நான் முதலில் கை தட்டினேன்.

பிறகு தீர்மானங்கள். ‘சூறாவளி’யில் வேழனுக்குத் துணையாக ஒரு பெண் பாத்திரம் வேண்டும் என்பது என் தீர்மானம். கூச்சல். பூர்ணம் இருந்திருந்தால் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டார் என்றார் ஒருவர். அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு ஒரு தொண்டர் மேடைக்கு வந்து காதில் சொன்னார். நாகமுத்துவுக்கு இரவு ஷிப்டாம், ஆறு மணி பஸ்ஸை விட்டால் ரயில் கிடைக்காதாம், பாப்பா தூங்கி எழுந்து அழுகிறாளாம், தலைவர் எப்போது வருவார் என்று கேட்டு வரச் சொன்னாராம்.

வாசலைப் பார்த்தேன். தோளில் பாப்பாவைத் தட்டிக்கொண்டே, கூட்டத்துக்கு மேலே எட்டி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு தீர்மானம் பாக்கி இருக்கிறது, பாப்பாவைக் கூட்டிப்போய் நைனாவிடம் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.