பதினோராம் எண் தாடை எலும்பு

கடித எண் 47
திருவள்ளூர், 17-3-1974, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.40

சிரஞ்சீவி செங்கமலவல்லிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். வீரராகவப் பெருமாள் கிருபையில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம். லண்டன் குளிரில் உன் தேகநிலை எப்படியோ என்பதே எங்கள் கவலை. அம்மாவின் முழங்கால் வலி 11ஆம் தேதி முதல் சற்றுக் குறைந்திருக்கிறது.

2ஆம் தேதியிட்ட உன் கடிதம் 14ஆம் தேதி கிடைத்தது. கோதாவரிச் செம்மண் பாறையில் நீ கண்ட அதே பழங்கால ஊர்வனத்தின் தாடை சோன் நதிப் பாறையிலும் இருக்கிறது, ஆகவே அத்தனை தொலைவிலுள்ள இரண்டு அடுக்குகளும் ஒரே காலத்தவை, அதற்கு நான் அனுப்பிய 11ஆம் எண் எலும்பு ஒன்றே சாட்சி, கட்டுரை ஏப்ரலில் அச்சாகிறது என்று எழுதியிருந்தாய். பெருமையில் அதைப் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் நம் யேசுதாஸிடமும் சொன்னேன். அங்கேதான் அகப்பட்டுக்கொண்டேன்.

நீ விட்டுச்சென்ற எலும்புப் பெட்டி வீட்டில் இருந்த நிலையில், 9-11-1973 வெள்ளிக்கிழமை உன் பாட்டியின் திதி வந்தது. எலும்பை வைத்துக்கொண்டு சிராத்தமா என்று வாத்தியார் மணவாளன் மறுத்துவிட்டார். யேசுதாஸ்தான் பெட்டியை மூன்று நாள் தன் வீட்டில் வைத்திருந்தான். திரும்பி வந்ததும், தீட்டோடு உள்ளே வரக்கூடாதென்று, கிணற்றடியில் ஒவ்வொன்றையும் மஞ்சள் நீரில் கழுவினேன். மண் போயிற்று, 7, 11 என்ற இரண்டு சீட்டுகளும் கழன்று மிதந்தன. இரண்டும் தாடைத் துண்டுகள்; 7 நீ கோதாவரியில் எடுத்தது, 11 சோன் நதியில் எடுத்தது. எது பெரிது என்ற நினைவைக் கொண்டு நானாகவே ஒட்டி, 3-12-1973 அன்று பார்சலில் அனுப்பினேன். உனக்கு எழுதவில்லை. ஐம்பது வருஷம் தேதி தவறாமல் நாட்குறிப்பு எழுதியவனுக்குத் தன் நினைவின்மேல் அவ்வளவு கர்வம்.

இதைக் கேட்ட யேசுதாஸ் முதலில் சிரித்தான். எலும்புக்குத் தீட்டு கழிச்ச ஒரே ஆளு நீங்கதான் சாமி என்றான். பிறகு சிரிப்பு நின்றது. இன்னா சாமி, நம்பரை நீங்களா ஒட்னீங்க, எங்க கம்பெனில இரும்புக் கட்டி மேல நம்பரு அழிஞ்சுபோச்சுன்னா அதை ஓரமா தள்ளி வெச்சுருவோம், குத்துமதிப்பா எவனாவது எழுதுனா அவன் சீட்டு கிழிஞ்சுரும் என்றான். மூன்று நாளாக எனக்குச் சாதம் இறங்கவில்லை.

குழந்தாய், சீட்டுகள் மாறியிருந்தால் உன் சாட்சி கோதாவரியிலேயே கிடைத்த எலும்பு. சோன் நதிக்கு ஒன்றுமில்லை. அச்சை நிறுத்து. பல் குழிகளுக்குள் என் கைக்குத் தப்பிய மண் ஒரு சிட்டிகையாவது இருக்கிறதா பார்; எந்த நதி எலும்பு என்று அந்த மண்தான் சொல்ல வேண்டும். உன் மூன்று வருஷ உழைப்பைக் கெடுத்தவன் நான் என்பதை உன் புரொபசரிடம் மறைக்காமல் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. பெருமாள் உனக்குத் துணையிருப்பார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தி. அனந்தபத்மநாபன்

இணைப்புகள்:
1. 12-11-1973 நாட்குறிப்பின் நகல்.
2. நடந்ததை ஒப்புக்கொண்டு உன் புரொபசருக்கு நான் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதம்.
3. அவ்விரண்டு எலும்புகளையும் நீ சுற்றிவைத்திருந்த செய்தித்தாள்கள், மடிப்பில் ஒட்டிய மண்ணுடன், தனித்தனி உறைகளில். உறைகளின்மேல் எண் எழுதவில்லை. எது எதனுடையதென்று எனக்குத் தெரியாது.